விளக்கு எரிந்தது, லொக் விழவில்லை!

மலைநாட்டுக் கெப் வண்டியின் 'மர்மம்' பஞ்சிகாவத்தையில் அம்பலம்

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதை. அடை மழை. கெப் வண்டியின் பின் டயர் பஞ்சர்.

சரிவிலேயே வண்டியை நிறுத்தினார் சாரதி. கியரை நியூட்ரலில் விட்டு ஹான்ட் பிரேக்கை இழுத்தார். டிபரன்ஷல் லொக்கையும் போட்டார். லொக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. 'இனிப் பயமில்லை' என்று இறங்கினார்.

கிளீனர் பையன் ஜக் அடித்தான். பின் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பியது. அவ்வளவுதான்! வண்டி மெல்ல உருளத் தொடங்கியது. பையன் பக்கத்துக் கானுக்குள் பாய்ந்தான். வண்டி மண்மேட்டில் மோதி நின்றது.

உயிர் தப்பியது மயிரிழையில்!

விளக்கு எரிந்ததே, பிறகு ஏன் வண்டி உருண்டது? இதற்கு விடை தேடித்தான் அந்தப் பழைய லான்ட் ரோவர் டிபென்டர், கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வந்து சேர்ந்தது.

"பொக்ஸையே மாற்று!"

முதலில் காட்டிய கராஜில், "உள்ளே பல்லெல்லாம் போச்சு. டிரான்ஸ்பர் பொக்ஸையே மாற்ற வேணும்" என்று சொல்லிவிட்டார்களாம். செலவோ இலட்சக்கணக்கில்! சாரதிக்குத் தலை சுற்றியது.

பஞ்சிகாவத்தைச் சந்து ஒன்றில், வாலிப வயதிலிருந்தே இந்த வண்டிகளோடு மாரடித்து வரும் ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். அவரிடம் வண்டி போனது.

"நானா, பொக்ஸ் போயிட்டுதா?"

"அவசரப்படாதீங்க தம்பி. கழற்ற முந்தி வண்டியைக் கேட்டுப் பார்ப்போம். அதுவே சொல்லும்" என்றார் நானா.

லொக் எதற்கு?

டிபென்டரில் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் நடுவில் ஒரு டிபரன்ஷல்.

ஆனால் சேற்றில் இதுவே வினை. ஒரு சக்கரம் வழுக்கினால் போதும். எஞ்சின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்தோடு வீணாகும். மற்ற மூன்றும் சும்மா நிற்கும். லொக்கைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டுப்பட்டு இழுக்கும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்த வண்டியின் ஹான்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை! டிரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாப்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் அது தாராளமாகச் சுற்றும். எனவே மற்றப் பின் சக்கரத்துக்கும் பிடி இல்லை. லொக் விழுந்திருந்தால் முன் சக்கரங்களாவது பிடித்துக்கொள்ளும். விழாவிட்டால்? தோட்டத்தில் நடந்ததுதான்!

ஜக் சோதனை

நானா சமதரையில் வண்டியை நிறுத்தினார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டார். ஹான்ட் பிரேக்கை இழுத்தார். கியர் நியூட்ரல். லொக்கைப் போட்டார். விளக்கு எரிந்தது. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜக்கில் தூக்கிக் கையால் சுழற்றினார்.

சக்கரம் ராட்டினம் போலச் சுற்றியது!

"பார்த்தீங்களா? லொக் விழுந்திருந்தா இது கொஞ்சம் ஆடும், சுத்தாது. விளக்கு பொய் சொல்லுது" என்றார்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்தார். "லிவரைத் தள்ளுங்க தம்பி" என்று குரல் கொடுத்தார். மேலே லிவர் முழுசாகப் போனது. கீழே பொக்ஸின் பக்கத்தில் உள்ள கை பாதி தூரம்தான் நகர்ந்தது.

திருடன் பிடிபட்டான்!

மாதக்கணக்கில் லொக்கைத் தொடாததால் கையின் தண்டில் சேறும் துருவும் ஏறி இறுகிவிட்டது. போதாக்குறைக்கு யாரோ விளக்கின் சுவிட்சை அளவுக்கு மேல் உள்ளே முறுக்கியிருந்தார்கள். அதனால் பாதி வழியிலேயே விளக்கு எரிந்தது.

துரு எண்ணெய் விட்டு, இணைப்புக் கம்பியைக் கழற்றி, கையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இளக்கினார் நானா. அரை நாள் வேலை. பிறகு லொக் முழுதாக விழுந்த நிலையில் சுவிட்சை வெளியே எடுத்து, விளக்கு எரியும் வரை முறுக்கி, மேலும் அரைச் சுற்றுக் கொடுத்து நட்டை இறுக்கினார்.

மறுபடி ஜக் சோதனை. சக்கரம் அசைய மறுத்தது. பொக்ஸின் மூடியைக் கூடத் திறக்கவில்லை!

சாரதிகளுக்கு

நானா மேலும் கூறியதாவது:-

"விளக்கே எரியாவிட்டாலும் பயந்துவிடாதீங்க. சுவிட்சுக்குப் போகும் வயர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்க. எரிந்தால் பல்பும் வயரும் நல்லது. கோளாறு சுவிட்சிலோ லொக்கிலோ. எரியாவிட்டால் பல்ப், பியூஸ், வயரைப் பாருங்க.

லொக்கை எடுத்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் உடனே கோளாறு என்று எண்ண வேண்டாம். தார் ரோட்டில் லொக்கோடு ஓடினால் ஷாப்டுகள் முறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, விடும். லொக்கோடு தார் ரோட்டில் ஓடவே கூடாது. டயரும் தேயும், ஷாப்டும் உடையும்.

மாதம் ஒருமுறை மண் பாதையில் லொக்கைப் போட்டு எடுங்க. துருப் பிடிக்காது."

இந்தப் பழைய டிபென்டர்களின் உற்பத்தி 2016 ஜனவரியில் இங்கிலாந்தில் நின்றுவிட்டது. இருக்கிற வண்டியைக் கட்டிக் காப்பதுதான் இனி வழி.

வண்டி மலைக்குத் திரும்பியது. பின்னால் இரண்டு பலாமரக் கட்டைகள். கிளீனர் பையன் தானே தேடி ஏற்றியவை!

"விளக்கு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன? முதல்ல கட்டை, பிறகுதான் ஜக்" என்கிறான் அவன்.