சைக்கிள் சீட் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

சுட்டிகளே, தென்காசி மாவட்டம் புளியங்குடியில் பள்ளிக்கூட நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். அரசு தந்த விலையில்லா சைக்கிளில் அண்ணன்களும் அக்காக்களும் வரிசையாகப் போவார்கள். நெட்டையானவர், குட்டையானவர் எல்லாருக்கும் ஒரே அளவு சைக்கிள்தான். ஆனால் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை!

முதலில் ஒரு சோதனை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள். அடுத்து நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். எது சுலபம்? நாற்காலிதானே? முழங்கால் அதிகமாக மடங்கினால் தொடைத் தசை கூடுதலாக இழுக்க வேண்டும். முழங்கால் சில்லும் தொடை எலும்போடு அழுந்தும். சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இதுதான் நடக்கிறது. அதனால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் எதிர்க்காற்றில் கடையநல்லூர் வரை மிதித்தால் நன்றாகவே தெரியும்.

சீட் மிக உயரமாக இருந்தாலும் தொல்லைதான். பெடல் எட்டாமல் இடுப்பு இருபக்கமும் ஆடும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

சரியான உயரம் எது? ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கும். அதுதான் சரியான உயரம்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். சுவரோரம் நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 70 செ.மீ. என்றால் விடை சுமார் 62 செ.மீ. பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இந்த அளவு இருக்கலாம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது.

சீட் தரைக்கு இணையாக இருக்கட்டும். சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது, கம்பி முறியலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டும் இரு பாதமும் தரையில் ஊன்றும்படி தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வளரும் பிள்ளைகள். அதனால் பருவத்துக்கு ஒருமுறை பெரியவர் துணையோடு சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். உங்கள் முழங்காலுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது!