நிலாவுக்குப் போன மேடைக்காரர்கள்

1902-இல் சினிமாவுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. சினிமா நடிப்பு சொல்லித்தரும் பள்ளி கிடையாது. வாய்ப்புக் கேட்டு ஸ்டுடியோ வாசலில் காத்துக்கிடப்பவர்களும் கிடையாது. அந்த ஆண்டில்தான் பாரிஸுக்குப் பக்கத்து மோந்த்ரேயில் 'நிலாவுக்கு ஒரு பயணம்' என்ற குறும்படம் உருவானது. சுமார் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நிலாவின் கண்ணில் ஒரு பீரங்கிக் குண்டு செருகி நிற்கும் காட்சியைப் பலரும் எங்காவது பார்த்திருப்பார்கள். அது இந்தப் படத்தில் வருவதுதான். இதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேறு தொழிலில் இருந்து வந்தவர்கள். அந்தத் தொழில்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் நன்றாக விளங்கும்.

முதலில் இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸ். 1861-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்கு உயர்ரக பூட்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலை. படம் வரைவதில் பைத்தியமாக இருந்த பையனை அங்கே வேலைக்கு உட்கார்த்தினார்கள். தையலும் இயந்திரங்களைப் பராமரிக்கும் பழக்கமும் அங்கே வந்தவை. 1884-இல் ஆங்கிலம் பழகுவதற்காக லண்டனில் ஒரு குடும்ப நண்பரிடம் குமாஸ்தாவாக அனுப்பினார்கள். மெலியெஸோ எகிப்தியன் ஹால் என்ற அரங்கில் மேஜிக்காரர் மாஸ்கலின் நடத்திய மேஜிக் காட்சிகளே கதியென்று கிடந்தார். 1888-இல் அப்பா தொழிலிலிருந்து ஒதுங்கியதும், தன் பங்கை அண்ணன்களிடம் விற்று, மேஜிக்குக்கென்றே பெயர் பெற்ற ரோபேர் ஊதான் அரங்கத்தை வாங்கிவிட்டார். நடுவில் கொஞ்ச காலம் ஒரு பத்திரிகைக்குப் புனைபெயரில் அரசியல் கேலிச்சித்திரமும் போட்டார்.

1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் நடத்திய சினிமாக் காட்சிக்கு மெலியெஸ் போயிருந்தார். அவர்களுடைய கருவியை விலைக்குக் கேட்டார், தர மறுத்துவிட்டார்கள். மனிதர் சளைக்கவில்லை. லண்டனில் ராபர்ட் பால் என்பவரிடம் படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி, அதைக் கேமராவாக மாற்றிக்கொண்டார். தொழிற்சாலை இயந்திரங்களோடு பழகிய கை அல்லவா!

1897-இல் மோந்த்ரேயில் கண்ணாடியால் ஒரு ஸ்டுடியோ கட்டினார். அதன் மேடை, அவருடைய மேஜிக் அரங்கத்து மேடையின் அதே அளவு. கேமரா அந்த மேடைக்கு நேர் எதிரே, டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ரசிகரைப் போல நகராமல் நின்றது. நிலா நம்மை நோக்கி நெருங்கி வருவதாகத் தோன்றும் காட்சியிலும் கேமரா ஓர் அங்குலம் நகரவில்லை. தண்டவாளத்தில் ஓடும் நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, கழுத்துவரை கறுப்பு வெல்வெட்டால் மூடி, கப்பி கட்டிக் கேமராவை நோக்கி இழுக்கும் தந்திரம் அது. கறுப்புப் பின்னணியில் கறுப்புத் துணி தெரியாது என்பது மேஜிக்காரர்களின் பால பாடம்.

படத்தில் நடிகர் பெயர்ப் பட்டியல் இல்லை. யார் யார் நடித்தார்கள் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு மெலியெஸ் எழுதிய கடிதத்தால்தான் தெரிகிறது. விஞ்ஞானிகளின் தலைவர் பார்பென்ஃபுய்யி வேடத்தில் அவரே நடித்தார். பிறையில் அமர்ந்திருக்கும் நிலாப்பெண், இசையரங்கப் பாடகி ப்ளெயெத் பெர்னோன். விஞ்ஞானிகளில் ஒருவராக வரும் விக்டர் ஆந்த்ரே, க்ளூனி நாடக அரங்கத்து நடிகர். கூடப் போகும் மற்ற விஞ்ஞானிகளும் இசையரங்கப் பாடகர்களே. நட்சத்திரங்களாக எட்டிப் பார்ப்பவர்கள் ஷாட்லே அரங்கத்தின் பாலே நடனப் பெண்கள். தேவதைக் கதைகளைப் பிரமாண்டமாக மேடையேற்றுவதில் பேர்போன அரங்கம் அது. விஞ்ஞானிகள் ஏறிச் செல்லும் குண்டைப் பீரங்கிக்குள் தள்ளும் பெண்கள் வேலையை முடித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்துக் கையசைப்பது மேடைப் பழக்கமல்லாமல் வேறென்ன?

படத்தின் உயிர் என்று சொல்லத்தக்கவர்கள் நிலாவாசிகளாக வருபவர்கள்தான். ஃபோலி பெர்ஜேர் அரங்கத்தில் கரணம் அடித்துப் பிழைத்தவர்கள். கித்தானும் அட்டையும் சேர்த்த கனத்த உடையோடு குதித்து, உருண்டு, உடம்பை வில்லாக வளைக்கிறார்கள். குடையால் ஓர் அடி விழுந்ததும் புகையாகிப் போகிறார்கள். அந்த உடைகளுக்கான தலை, பாதம், முழங்கால் மூடி எல்லாவற்றுக்கும் மெலியெஸ் தன் கையாலேயே களிமண் மாதிரி செய்தார். 10,000 ஃபிராங்க் செலவும் மூன்று மாத உழைப்பும் பிடித்ததற்கு இந்த உடைகளும் இயந்திர அரங்க அமைப்புகளும் முக்கியக் காரணம்.

பேர்பெற்ற மேடை நடிகர்கள் சினிமாவை ஏளனமாகப் பார்த்த காலம் அது. மெலியெஸ் தன் நடிகர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு லூயி, அதாவது 20 ஃபிராங்க் பெறுமான தங்க நாணயம் கொடுத்தார். மற்றவர்கள் தந்ததைவிட அது கணிசமாக அதிகம். மதியச் சாப்பாடும் அவரோடுதான்.

இனி, திரையில் முகமே காட்டாத ஒருவர். கண்ணாடிக்கும் செல்லுலாய்டு பொருட்களுக்கும் வண்ணம் தீட்டிவந்த எலிசபெத் துய்லியே, மெலியெஸ் படங்களின் வண்ணப் பொறுப்பை ஏற்றார். அவருடைய பட்டறையில் சுமார் 200 பெண்கள். ஒருவருக்கு ஒரே நிறம். தன் நிறத்தைத் தீட்டிவிட்டு பிலிமை அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது துய்லியே. இந்தப் படத்தில் 13,000-க்கும் அதிகமான சட்டகங்கள். ஒவ்வொன்றும் தபால்தலை அளவுதான். ஒரு பிரதி முடிந்தால் அடுத்த பிரதிக்கு மறுபடி முதலிலிருந்து. மெலியெஸுக்குக் கிடைத்த புகழில் ஒரு துளிகூட இந்தப் பெண்களுக்குக் கிடைக்காதது அநியாயம்தான்.

மெலியெஸின் தொழில் 1913-க்குள் நொடித்துவிட்டது. முதல் உலகப் போரில் அவருடைய படப் பிரதிகளை ராணுவம் எடுத்துக்கொண்டு உருக்கியது. அந்தச் செல்லுலாய்டு பூட்ஸின் குதிகாலானது. பூட்ஸ் முதலாளி மகனுக்கு இப்படியொரு விதி! பிறகு அவர், தன் பழைய படங்களில் நடித்த மனைவி ஜான் தால்சியோடு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'ஹியூகோ'வில் பென் கிங்ஸ்லி நடித்தது இந்தக் கிழவராகத்தான். 1938-இல் மெலியெஸ் காலமானார்.

கையால் வண்ணம் தீட்டிய ஒரு பிரதி 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்தது. மிக மோசமாகச் சிதைந்திருந்த அதைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சீராக்கி, 2011 கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அதில் வரும் கொடிக்கு ஸ்பெயின் நாட்டுக் கொடியின் நிறம் தீட்டியிருக்கிறார்கள். ஸ்பெயினில் காட்டுவதற்கென்றே தயாரான பிரதியாக இருக்க வேண்டும். படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் கறுப்பு வெள்ளையை விட்டுவிட்டு, இந்த வண்ணப் பிரதியையே தேடிப் பாருங்கள்.