திருச்சியில் படம் பார்க்கப் போனால்

வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் மலைக்கோட்டை ஏறி இறங்கி, ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்து, திருவானைக்காவலையும் முடித்த பிறகு சில சமயம் ஒரு கேள்வி கேட்பார்கள். "டவுனுக்குள்ளே ஓவியக் காட்சிக்கூடம் ஏதாவது இருக்கா? சின்னதா இருந்தாலும் போதும்." சென்னைக்காரர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் அவருக்கு இருக்கிறது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியும் இருக்கிறது. திருச்சியில் கைகாட்ட அப்படி ஓர் அறை எனக்குச் சட்டென்று அகப்படுவதில்லை. அதற்காக இது படமில்லாத ஊர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இங்கே ஜனங்கள் வேறு வேலையாகப் போகிற இடத்தில்தான் படம் இருந்தது: கோயிலில், கடைத்தெருவில், கொட்டகை வாசலில். படம் பார்ப்பதற்கென்றே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம்தான் ஊருக்கு வரவில்லை.

மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சிப்பிள்ளையாரிடம் போகிற வழியில், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. கங்கையைச் சடையில் ஏந்தி நிற்கும் சிவன் அங்கே பாறையிலிருந்து புடைத்து நிற்கிறார். செய்வித்த ராஜா 'சித்திரகாரப்புலி' என்று தனக்குப் பட்டம் வைத்துக்கொண்டவன். தமிழ்நாட்டின் பழைய சிற்பங்களில் இது முதல் வரிசை. ஏறுகிறவர்களில் பலர் அந்த இடத்தில் நிற்பது மூச்சு வாங்குவதற்காகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிப் படங்களுக்குக் கடல் கடந்து பெயர் இருந்தது என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. 1801-இல் நவாபின் ஆட்சி போய்க் கம்பெனி ஆட்சி வந்தது. அதற்கு முன்பே இங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் அடித்திருந்தது. கண்டோன்மென்ட் என்று ஊரின் ஒரு பாதிக்கு இன்றும் பெயர் நிற்பது அதனால்தான். வந்த சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஊருக்குத் திரும்பும்போது "நான் இருந்த இடத்தில் மனிதர்கள் இப்படி இருந்தார்கள்" என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. கேமரா கைக்கு வராத காலம். அந்தத் தேவைக்காக உள்ளூர் ஓவியர்கள் மைக்காவில் தீட்டினார்கள். கிராமத்தில் காக்காப்பொன் என்பார்களே, அதை மெல்லிய தகடாகப் பிரித்து, அதன்மேல் வண்ணம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், எடை கிடையாது, பெட்டியில் அடுக்கி எடுத்துப் போகலாம். வண்ணான், தையற்காரர், பல்லக்குத் தூக்குவோர், தண்ணீர் சுமப்பவர், பட்லர், ஆயா, சுவாமி ஊர்வலம், முஹர்ரம் ஊர்வலம் என்று தொகுப்புத் தொகுப்பாக விற்றார்கள்.

மைக்கா ஓவியங்களில் ஒரு விளையாட்டு வகையும் உண்டு. ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். முகத்துக்கு இடம் விட்டு, உடையும் உடம்பும் தீட்டிய தகடுகள் தனியாக வரும். தகட்டை மாற்றி மாற்றி மேலே வைத்தால் ஒரே முகம் ராஜாவாகும், பிச்சைக்காரனாகும், சேவகனாகும். இதைத் தீட்டினவருக்கு நல்ல குசும்பு இருந்திருக்க வேண்டும். அவர் பெயரை அறிய வழியில்லை. பெரும்பாலான தகடுகளில் கையெழுத்தே கிடையாது. வாங்கினவன் பெயரும் படை எண்ணும் ஆவணத்தில் இருக்கும். வரைந்தவன் 'திருச்சினாப்பள்ளி' என்ற ஊர்ப்பெயருக்குள் அடங்கிப்போவான்.

அதே காலத்தில் நெட்டி வேலையும் இங்கே பெயர் பெற்றிருந்தது. குளத்தில் வளரும் நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றைச் சீவி, ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் மலைக்கோட்டையையும் சின்னதாகச் செய்து விற்றார்கள். 'திருச்சினாப்பள்ளிச் சங்கிலி' என்று ஒரு பின்னல் முறைக்கே நகை உலகில் பெயர் உண்டு. மொத்தத்தில் அன்று இங்கே செய்கிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். வாங்குகிறவன் வெளியூர்க்காரன். காட்சிக்கூடம் எதற்கு?

1858-இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், திருச்சினாப்பள்ளிக் காட்சிகள் என்று ஒரு புகைப்படத் தொகுப்பையே வெளியிட்டார். மலைக்கோட்டை வெயிலில் பாறையும் பாசியுமாக அதில் இருக்கிறது. புகைப்படம் மலிவாக ஆக மைக்காவுக்கு வேலை குறைந்தது. பிறகு தபால் அட்டைகள் வந்து மிச்சத்தையும் முடித்தன. இன்று திருச்சி மைக்கா ஓவியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். அசலைத் திரும்பக் கேட்பது பெரிய கதை. நல்ல அச்சுப் பிரதி நாற்பது எடுத்து, டவுன்ஹால் பக்கம் ஓர் அறையில் மாட்ட எவ்வளவு ஆகிவிடும்?

டவுன்ஹால் என்று சொன்னதற்குக் காரணம், அங்கேதான் ராணி மங்கம்மாள் மஹால் இருக்கிறது. நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய தர்பார் மண்டபம் அது. 1983-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் பின்னர் இங்கே குடிவந்தது. கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், பாடம் பண்ணிய பறவைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். எனக்கோ உள்ளே வைத்திருக்கும் பொருளைவிட அந்தக் குவிமாடமும் வளைவுகளும்தான் முதலில் கண்ணில் படும். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே சிலைக்கு வருவேன். பெரிய கடைவீதிக்கு ஜவுளி எடுக்க வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பினாலே மண்டபம் நிரம்பிவிடும். திரும்புவதில்லை. போவதானால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

ஸ்ரீரங்கத்தில் நிலைமை வேறு. கோயிலுக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைப் பார்க்காமல் ஸ்ரீரங்கம் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. ராஜாவும் ராணியும், தொந்தியும் நகையும் மடிப்பும் அப்படியே. சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளைக் கல்லில் பார்த்துவிட்டு வந்து, உள்ளங்கை அகலத் தந்தத்தில் ஓர் ஆளின் முகபாவத்தைப் பார்க்கும்போது, அளவு என்பது சிற்பிக்கு ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். மாநகரத்தின் மிகச் சிறந்த சின்ன காட்சிக்கூடம் இதுதான் என்பது என் கட்சி. வரிசையில் நின்று சேவித்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் வழியில்தான் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் பேராவது நுழைகிறார்கள்.

தெற்கே 236 அடி ராஜகோபுரம் 1987-இல்தான் முடிந்தது. அதற்கு முன் தலைமுறைகளாக அது மொட்டைக் கோபுரம். பழைய படங்களில் அந்த மொட்டையைப் பார்த்தவர்களுக்கு இன்றைய பதின்மூன்று நிலை வண்ணக் குவியல் ஒரு புதிய ஓவியம்தான். 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

சாதாரண வீடுகளுக்குள் படம் போனது ஃபிரேம் கடை வழியாக. கோயில் வாசலிலும் என்.எஸ்.பி. ரோடு பக்கமும் நம்பெருமாள், மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா எல்லோரும் ஒரே சுவரில் கண்ணாடிக்குள் சாய்ந்திருப்பார்கள். சிவகாசி அச்சில் வந்த படத்துக்கு இங்கே சட்டம் மட்டும் போடுவார்கள். "ரேக்கு ஒட்டினதா, சாதாவா?" என்று கடைக்காரர் கேட்பார். தெருவில் பெரிய படம் என்றால் சினிமா பேனர். சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, சின்னப் புகைப்படத்தை இருபதடிக்கு ஊதிக் காட்டுகிற கை அந்த ஓவியர்களுடையது. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து சில வருடங்களிலேயே அந்தத் தொழிலைத் துடைத்துவிட்டது. இப்போது அரசாங்கமே மேம்பாலச் சுவர்களில் படம் வரையச் சொல்கிறது. போஸ்டர் ஒட்டாமல் இருக்க வரைகிறார்கள் என்பது பாதி உண்மை. பஸ் ஜன்னலிலிருந்து ஒரு நொடி பார்ப்பதற்காக வரையப்படும் படம், ஒரு நொடிக்குத் தாங்குகிற மாதிரிதான் இருக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

2024 ஜனவரியில் திறந்த விமான நிலையத்தின் புதிய முனையம் இந்தப் பழக்கத்தின் உச்சம். கோபுர வண்ணங்களும் கோலமும் கோயில் காட்சிகளும் சுவரெங்கும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டே பார்க்கிறார்கள். மைக்கா காலத்தில் ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரன் ஊர்ப் படத்தைக் கையோடு எடுத்துப் போனான். இப்போது ஊரை விட்டுப் போகிற நாமே அதன்முன் செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்.

செய்கிற கைகள் அடியோடு போய்விட்டன என்றும் சொல்ல முடியாது. தஞ்சாவூர் பாணியில் வரைந்த ராஜு குடும்பங்கள் ஒருகாலத்தில் தஞ்சையில் மட்டுமல்ல, திருச்சியிலும் இருந்தன. இன்று ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் தில்லைநகரிலும் 'தஞ்சாவூர் ஓவியம் கற்றுத் தரப்படும்' என்ற பலகைகள். பலாப்பலகை பிளைவுட் ஆகிவிட்டது. மக்கு வைத்து மேடு எழுப்பித் தங்க ரேக்கு ஒட்டும் முறை மாறவில்லை. மதியம் சமையல் முடித்த பெண்கள் வந்து உட்கார்ந்து வரைகிறார்கள், வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். முடிந்த படங்கள் ஹால் சுவரிலேயே மாட்டியிருக்கும். தெரிந்தவர் என்றால் உள்ளே விட்டுக் காப்பியும் கொடுப்பார்கள். வெளியூர் நண்பரை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டத்தான் முடியாது.

ஆகவே அவர் கேள்விக்கு நான் இப்போதெல்லாம் பதிலாக ஒரு மாதத்தைச் சொல்கிறேன்: புரட்டாசிக்குக் கொஞ்சம் முன்னால் வாருங்கள். சிங்காரத்தோப்பு பூம்புகாரில் கொலுப் பொம்மைக் கண்காட்சி வைப்பார்கள். வாங்குவதற்கு நாலு பேர், பார்ப்பதற்கு நாற்பது பேர். "இந்தப் பெருமாளுக்கு மூக்கு சரியில்லை, போன வருஷத்து அச்சுதான் நல்லாயிருந்தது" என்று மாமிகள் அங்கே பேசுகிற விமரிசனத்தைக் கலைப் பத்திரிகை எதிலும் நான் படித்ததில்லை. விலை கேட்டபின் அடுத்த கேள்வி, "எந்த ஊர்ப் பொம்மை?" காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே போவார்.