கிரிவலப் பாதையில் ‘கேஸ்’ மாத்திரை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை மெடிக்கல் கடைகளில் ஒரே பேச்சுதான்: “முட்டி வலிக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு குடுங்க.” டாக்டர் சீட்டு கிடையாது, பில்லும் கிடையாது. காலையிலிருந்து விரதம். வெறும் வயிற்றில் இரண்டையும் விழுங்கி, மேலே ஒரு சோடா. பிறகு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை.

அந்த வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோபினாக் அல்லது அசிக்ளோபினாக். வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதை இவை தடுக்கின்றன. இரைப்பையின் சளிப்படலத்தைக் காப்பதும் அதே பொருள்தான். ஆக, அமிலம் அதிகரிக்க வேண்டியதே இல்லை. காப்பு மெலிந்தாலே இருக்கிற அமிலம் சுவரை அரித்துவிடும். இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று; நம்மூரில் இன்னும் பச்சை மிளகாய் மேல்தான் பழி. டாக்டர் 14 நாள் ஆன்டிபயாடிக் எழுதினால் 14 நாளும் சாப்பிட வேண்டும். எரிச்சல் அடங்கியதும் பாதியில் விட்டால் கிருமி அங்கேயேதான் இருக்கும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. பாதையிலுள்ள நிருதி லிங்கத்தைத் தாண்டும்போது நெஞ்சு அடைத்து, வியர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் அதை கேஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஏப்பம் வந்தாலும்தான். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல்கூட வரும். உட்காருங்கள், 108க்கு அழையுங்கள். இ.சி.ஜி. பார்த்துவிட்டு கேஸ் என்று டாக்டர் சொல்லட்டும். சோடா வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன், சோடா வேண்டாம்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் நிறமோ தெரிந்தாலோ வலம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு. விழுங்கிய மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ‘வெள்ளை மாத்திரை’ என்றால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. சத்து மாத்திரையில் இரும்பு இருந்தாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை என்றால் எண்டோஸ்கோபி செய்யாமல் ‘கேஸ்’ மாத்திரையான பான்டோபிரசோலை மாதக்கணக்கில் விழுங்குவது நோயை மறைத்து வளர்க்கும் வேலை.

காகிதங்களை நோய் வருமுன்பே தயார் செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றோடு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். படுக்கையில் ஆளைப் போட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு அலைகிற கொடுமை இங்கே ஓய்ந்தபாடில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் எண்டோஸ்கோபி அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். “அப்புறம் வாங்க” என்பது பதில் ஆகாது.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது. விற்பது எல்லோருக்கும் தெரியும், ஆய்வாளர்களுக்கும் தெரியும். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள பில்லை வற்புறுத்தி வாங்குங்கள். புகார் கொடுத்தும் மருந்து ஆய்வாளர் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில், பில் நகலை இணைத்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.