செப்புக் காசு பேசுகிறது

பொன்னும் வெள்ளியும் செல்வர் பெட்டகத்தில் உறங்கும். செம்போ எளியவர் கைகளில் ஓயாது உலவும். அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது இவ்வெண்ணமே.

டாலரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி பிலடெல்பியா நகரில் நாணயச்சாலை அமைந்தது. அங்கு 1793 முதல் 1857 வரை அடிக்கப்பட்ட செப்புக் காசுகளை ‘பெரிய சென்ட்’ என்பர். முதற்காசின் ஒருபுறம் விரிந்த கூந்தலுடன் விடுதலை மங்கை. மறுபுறம் 15 மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்க 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. ‘விடுதலை நாட்டிற்குச் சங்கிலி அடையாளமா?’ எனக் குறை எழுந்தது. 36,103 காசுகளோடு சங்கிலி நின்றது. அவ்வாண்டே இலைமாலை அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் அந்நாட்டில் அடிமைகளாயிருந்த இலட்சக்கணக்கான கறுப்பின மக்களோ விடுதலைக்கு 1865 வரை காத்திருக்க நேர்ந்தது! காசை மாற்றுதல் எளிது. வாழ்வை மாற்றுதல் அரிது அன்றோ?

இல்லாத காசும் பேசும். 1815 என்று பொறித்த சென்ட் கிடையாது. 1812இல் மூண்ட போரால் இங்கிலாந்திலிருந்து வந்த செப்பு வில்லைகள் தடைப்பட்டதே காரணம்.

அக்கால அச்சுகள் கையால் செதுக்கப்பட்டவை. ஆகவே ஒரே ஆண்டுக் காசுகளிலும் எழுத்தும் இலையும் சற்றே வேறுபடும். முதல் அச்சில் ‘அமெரிக்கா’ என்னும் பெயரே ‘அமெரி.’ எனச் சுருங்கி நிற்கிறது. இவ்வேறுபாடுகளை வகைப்படுத்தி வில்லியம் ஷெல்டன் 1949இல் நூல் வெளியிட்டார். அவர் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவே பின்னர் பிற நாணயங்களுக்கும் பரவியது.

சேகரிப்போர் மறவாத விதி ஒன்று உண்டு: பழங்காசைத் துலக்கலாகாது. வீட்டுச் செம்பைப் புளியிட்டுத் தேய்ப்பது போல் தேய்த்தால், காலம் போர்த்திய பழுப்புப் படலம் கரைந்துவிடும். நுண்ணிய கோடுகளும் மழுங்கும். பின்பு எதனாலும் அதனை மீட்க இயலாது. விளிம்பைப் பிடித்தே காசை எடுத்தலும், ஈரம் படாது காத்தலும் நன்று.

2025 நவம்பரில் புழக்கத்திற்காகச் சென்ட் அடிப்பதையே அமெரிக்கா நிறுத்திவிட்டது. கடையில் அதற்கு மதிப்பு குறையலாம், வரலாற்றில் குறையாது. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழங்காசு இருக்கலாம். அதனைத் தேய்க்காதீர்கள், படியுங்கள்!