பளபளப்புக்கும் ஓர் அளவு உண்டு

அண்ணன் திருமணம் ஆவணியில். அதற்காக முதன்முறையாக ஜெல் நகப்பூச்சு போட்டுக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஓரங்கள் எழும்பத் தொடங்கின. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக உரித்துப் போட்டேன். உரிந்தது பூச்சு மட்டுமல்ல, நகத்தின் மேல்படலமும்தான். அன்றிரவு ரசம் சோற்றைப் பிசைந்தபோது விரல் நுனிகள் சுரீரென்று எரிந்தன.

சொரசொரப்பை மறைக்க, மருந்தகத்தில் நான்கு பக்க பஃபர் கட்டை ஒன்று வாங்கினேன். ஞாயிறு தவறாமல் தேய்த்தேன். நகம் கண்ணாடியாக மின்னியது. ஆனால் காகிதம்போல் வளைந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நகம் என்பது கெராட்டின் எனும் புரதப் படலங்களின் அடுக்கு. பஃபர் அதற்கு எதையும் சேர்ப்பதில்லை. மேலே இருப்பதைச் சுரண்டித்தான் பளபளப்பைத் தருகிறது. ஏற்கெனவே மெலிந்த நகத்தை நானே வாரந்தோறும் இன்னும் மெலிய வைத்திருக்கிறேன்!

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்து வர சுமார் 6 மாதம் ஆகும். பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பஃபரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான்:

வடிவம்: நகம் நன்றாகக் காய்ந்த பிறகே அரம் போடுங்கள். ஈர நகம் மென்மையாக இருப்பதால் எளிதில் பிளக்கும். அரத்தில் எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும். இயற்கை நகத்துக்கு 180 அல்லது 240 போதும். ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேய்க்கவும்.

நகத்தடித் தோல்: வெட்டவே வேண்டாம். கிருமி உள்ளே புகாமல் காக்கும் அடைப்பு அது. குளித்து வந்தபின் துவாலையால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும்.

பஃபர்: மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். கட்டையின் சொரசொரப்பான பக்கங்களை விட்டுவிட்டு, வழுவழுப்பான பக்கத்தால் நகத்துக்கு நாலைந்து முறை லேசாகத் தேய்க்கவும். சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நகம் மெலிந்தோ உரிந்தோ இருந்தால் பஃபரைத் தொடவே வேண்டாம்.

அன்றாடம்: பாத்திரம் கழுவும்போது கையுறை. படுக்கும்முன் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மைலோ டின் மூடியைத் திறக்கக் கரண்டிக் காம்பு இருக்கிறது, நகம் எதற்கு?

வயது ஏற ஏற நகத்தில் நீளவாக்கில் கோடுகள் தோன்றுவது இயல்பு. அவற்றைத் தேய்த்துச் சமமாக்கப் பார்க்காதீர்கள். ஆனால், புதிதாகக் கறுப்புக் கோடு தெரிந்தாலோ, நகம் மஞ்சளாகித் தடித்தாலோ, சுற்றி வீங்கி வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா எனக்கு மருதாணி வைத்துவிட்டார். உள்ளங்கைச் சிவப்பு இரண்டு வாரத்தில் மறைந்தது, நகத்தில் நின்றுவிட்டது. பொங்கலன்று பார்த்தபோது அந்தச் சிவப்பு நுனிப்பக்கம் ஏறியிருந்தது. அதற்குக் கீழே பாதிக்கு மேல் இளஞ்சிவப்பாக, வழுவழுப்பாகப் புது நகம். அதன்மேல் பஃபர் ஒருமுறைகூடப் பட்டதில்லை.

“இப்பதான்டி உன் கை உன் கை மாதிரி இருக்கு” என்றார் அம்மா.