பூட்டிய காரும் நாயின் நாக்கும்

சித்திரை வெயிலில் நாயோடு மதுரைக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் நாயாகவே இருக்கட்டும். 2005-இல் தபால்தலை கண்ட நம் பக்கத்து இனம் அது. நாயைச் சேர்க்கும் விடுதி எளிதில் அகப்படுவதில்லை. "கேட்டுவிட்டு வருகிறேன்" என்று காரைப் பூட்டிச் செல்கிறீர்கள். ஆபத்து அங்கேதான்.

கண்ணாடி வழியே நுழையும் ஒளி இருக்கையைச் சூடேற்றுகிறது. இருக்கை காற்றைச் சூடேற்றுகிறது. அந்தக் காற்று வெளியேற வழியில்லை. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே! கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பயனில்லை.

நமக்கு உடலெங்கும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டும், அதுவும் சொற்பம். நாக்கை நீட்டி இரைப்பதே அதற்குக் குளிர்சாதனம். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் மூடிய காரில் மூச்சின் ஈரம் சேரச்சேர ஆவியாதல் குறைகிறது. மழைநாளில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை அல்லவா? அதே கதைதான். இயல்பில் 38.5 டிகிரியாக உள்ள நாயின் உடல்வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே விடுதியில் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஒருவர் நாயோடு வேப்பமர நிழலில் நிற்கட்டும். இரைப்பு அடங்காவிட்டால் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.